என் கண் எனக்குப் பொய் சொல்லுமா?

சாமி இல்லை, சடங்கு இல்லை, ஆசிரமமும் இல்லை. 1974-ல் சான்பிரான்சிஸ்கோவில் சில பெண்கள் கூடித் தொடங்கிய ஜனநாயகத் தொழிலாளர் கட்சி, மார்க்சியம் பேசிய ஒரு சிறு அமைப்பு. தலைவர் மர்லீன் டிக்சன் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படித்தவர்கள். நியாயமான உலகம் வேண்டும் என்று வந்தவர்கள். போகப்போக அவர்களுடைய வேலை, வருமானம், நட்பு எல்லாவற்றிலும் கட்சியின் சொல்லே கடைசிச் சொல்லானது. 1985-ன் இறுதியில் டிக்சன் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து, மற்றவர்கள் கூடிப் பேசி அவரை நீக்கினார்கள். கையோடு கட்சியையும் கலைத்தார்கள்.

கதவு திறந்தாயிற்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் கட்சியில் சுமார் பத்தாண்டு இருந்தவர் யான்யா லாலிச். வெளியே வந்தபின் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் சமூகவியல் பேராசிரியரானார். தன்னைப் போன்ற அறிவுள்ளவர்கள் எப்படிச் சிக்கினார்கள் என்ற கேள்வியையே தன் ஆய்வாக்கிக்கொண்டார். கட்டுப்படுத்தும் அமைப்பில் இருப்பவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்; அதை அவர் மனத்தின் பின்பக்க அலமாரியில் தூக்கி வைத்துவிடுவார், ஒருநாள் பாரம் தாங்காமல் அந்தத் தட்டு முறிகிறது என்பது லாலிச் அடிக்கடி சொல்லும் விளக்கம். ஆக, சந்தேகிக்கும் திறன் உள்ளே போனவரிடம் செத்துப்போவதில்லை. அந்தத் திறனைப் பற்றி அவருக்கு இருக்கும் மதிப்புதான் கெட்டுப்போகிறது.

எப்படி? அந்தக் கட்சியில் விமர்சனம், சுயவிமர்சனம் என்ற பெயரில் நடந்த கூட்டங்களில், தலைமை சொல்வது தவறோ என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்தத் தோன்றலே அவருடைய குட்டி முதலாளித்துவப் புத்தியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மத அமைப்புகளில் இதே இடத்தில் பாவம், ஆணவம், சாத்தான் என்ற சொற்கள் வரும். உள்ளே எழும் எச்சரிக்கையை நோயின் அறிகுறி என்று ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டால், வெளியே வந்த பிறகும் மனம் அப்படித்தான் படிக்கும்.

இதன் சிறு மாதிரியை உளவியலாளர் சோலமன் ஆஷ் 1950-களிலேயே காட்டியிருக்கிறார். அட்டையில் ஒரு கோடு. பக்கத்தில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒருமுறைகூட யாரும் தவறு செய்வதில்லை. ஆனால் உடன் உட்கார்ந்திருப்பவர்கள் ஆய்வாளரின் ஆட்களாக இருந்து, ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டும்போது, சுமார் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. அந்த எண்ணைவிட, பிறகு நடந்த உரையாடல்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சிலர், ஏன் வம்பு என்று தெரிந்தே ஒத்துப்போனவர்கள். இன்னும் சிலர் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டியவர்கள். இது முன்பின் தெரியாதவர்களுடன் ஓர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததன் விளைவு. அந்த அறையில் குடும்பம், வேலை, உயிர் நண்பர்கள் எல்லோரும் இருந்து, அது பத்தாண்டு நீடித்தால்?

அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், சாய்ந்த பதில்கள் கால்பங்காகக் குறைந்துவிட்டன. கட்டுப்படுத்தும் அமைப்புகள் முதல் வேலையாக வெளித் தொடர்பை ஏன் அறுக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தகைய அமைப்புகளிலிருந்து வெளியேறியவர்களைக் குழுக்களாகச் சந்தித்துப் பேசிய அமெரிக்க உளவியலாளர் மார்கரெட் சிங்கர், 1979-ல் எழுதிய கட்டுரையில் அவர்களுடைய திண்டாட்டங்களை அடுக்கினார். நாள் முழுவதற்கும் யாரோ அட்டவணை போட்டுத்தந்து பழகியவர்களுக்குச் சின்ன முடிவுகூட மலையாகத் தெரிந்தது. பழைய திறமைக்கு ஏற்ற வாழ்க்கைக்குத் திரும்பப் பலருக்கு 6 முதல் 18 மாதங்கள் ஆயின. அவர் குறித்தவற்றில் ஒன்றை நம் வீடுகளும் கவனிக்கலாம்: திரும்பி வந்த பிள்ளையை வீட்டார் ஓயாமல் நோட்டம் விடுவார்கள். கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்தால், மறுபடி அங்கே போய்விடுவானோ என்ற பயம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உன் மனத்தை நம்ப முடியாது என்று முன்பு அமைப்பு சொன்னதைத்தான் இந்தப் பார்வையும் சொல்கிறது.

சிங்கரின் எல்லாக் கருத்துகளையும் அறிவியல் உலகம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் தலைமையிலான குழு எழுதிய அறிக்கையை, அறிவியல் கறார் போதவில்லை என்று 1987-ல் அமெரிக்க உளவியல் சங்கம் நிராகரித்தது. இந்த விவாதங்களில் அடிபடும் ‘மூளைச்சலவை’ என்ற சொல்லிலேயே எனக்கு நம்பிக்கை குறைவு. சலவை செய்யப்பட்ட மூளை என்றால் அதை வேறொருவர்தானே சரிசெய்ய வேண்டும்? 1970-களில் டெட் பேட்ரிக் போன்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வயது வந்த பிள்ளைகளைப் பிடித்துவந்து அறையில் பூட்டி, மனம் மாறும்வரை பேசினார்கள். பேட்ரிக் சிறைக்கும் போனார். அடைத்து வைத்து விடுதலை கொடுத்த அந்த முறையிலும், முடிவெடுத்தவர் இன்னொருவர்தான்.

சரி, தன்மீதான நம்பிக்கை எப்படித்தான் திரும்பும்? ஒவ்வொரு முடிவையும் பலமுறை சரிபார்த்துக்கொள்வது பாதுகாப்பு என்று தோன்றும். நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. மூட்டி, அணைத்து, அணைந்ததா என்று பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் நினைவு தவறிப்போகவில்லை. கடைசியாகப் பார்த்தது எந்த பர்னர் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன்மேல் இருந்த நம்பிக்கையும் விழுந்துவிட்டது. சரிபார்க்கும் மனநோயைப் புரிந்துகொள்ளச் செய்த ஆய்வு இது. அமைப்பை விட்டு வந்தவர்களுக்குப் பொருத்துவது என் ஊகம். ஆனாலும் வழி தெரிகிறது. விளைவு சீக்கிரம் தெரியக்கூடிய, தவறினாலும் பெரிய சேதம் இல்லாத முடிவை ஒருமுறை எடுத்துவிட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பது. பக்கத்தில் ஆஷின் ஆய்வில் வந்த அந்த ஒரே ஒருவர் மாதிரி யாராவது இருப்பது. அவர் வழிகாட்ட வேண்டாம். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றோ, எனக்கு வேறு மாதிரி தெரிகிறது என்றோ தண்டனை இல்லாமல் சொன்னால் போதும்.

உள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலைமை வேறு. அப்படி வளர்ந்து வெளியேறிய 65 பேரிடம் பேசி, லாலிச்சும் கார்லா மெக்லாரனும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்கள். நடுவில் போய்ச் சேர்ந்தவருக்கு, அதற்கு முன்பு நான் எப்படி இருந்தேன் என்று தேடிப்போக ஓர் இடம் உண்டு. பிறந்ததே அங்கே என்றால், தனக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும், எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சிங்கரின் 18 மாதக் கணக்கு அவர்களை வைத்துப் போட்டதல்ல.