ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு மூன்றாவது கணக்கு

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் பின்னக் கணக்கு ஓடுகிறது. கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கோ கடன் வாங்கிக் கழிக்கவே வராது. ஆசிரியர் பாடத்தை முடித்தாக வேண்டும், பின்னால் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அம்மா நூறு நாள் வேலை, அப்பா செங்கல் சூளை. வீட்டிலும் சொல்லித்தர ஆளில்லை. "இதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது யாரைக் குறித்த பேச்சு என்று காலனியில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பேச்சு பொய் என்று டெல்லியில் 2015-ல் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் அரசுப் பள்ளி மாணவர்கள் 600-க்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் பள்ளி நேரத்துக்கு வெளியே ட்யூஷன் கொடுத்தார்கள். வாரம் 6 நாள், தினம் 90 நிமிடம். அதில் 45 நிமிடம் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளோடு கணினியில், மீதி 45 நிமிடம் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவாக ஓர் ஆசிரியரிடம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது முதலிலேயே தெரிந்தது. கணினி அவர்களிடம் ஆறாம் வகுப்புக் கணக்கைக் கேட்கவில்லை. எது தெரியுமோ அங்கிருந்து தொடங்கி, எந்த இடத்தில் தப்பு செய்கிறார்களோ அதையே திரும்பப் பழக்கியது. நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் தெளிவாக முன்னேறின. ட்யூஷன் கிடைக்காதவர்களில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம் அதே மாதங்களில் முன்னேற்றமே தெரியவில்லை. அவர்களும் தினமும் பள்ளிக்குப் போனவர்கள்தான்.

கணினி வந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். குஜராத்தில் லீ லிண்டன் என்பவர் செய்த ஆய்வில், ஆசிரியரின் வகுப்பு நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே கற்றார்கள். பள்ளி முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. அதிலும் பின்தங்கியவர்களுக்கே அதிகப் பலன்.

நம்மிடம் பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தெருவிலேயே படித்த அக்காக்கள் மாலையில் பாடம் எடுத்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பைப் பிள்ளைகள் மீட்டதில் ஏறத்தாழக் கால் பங்கு அந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று முரளிதரனும் சிங்கும் பங்கேற்ற இன்னோர் ஆய்வு சொல்கிறது. அந்த அக்காவின் பக்கத்தில் நாலு கணினி இருந்தால் எப்படி இருக்கும்? 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்புகள் எத்தனையோ வீடுகளில் பேட்டரி செத்துப் பரணில் கிடக்கின்றன.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் வைத்தால் நம் பிள்ளைகள் படியேற முடியுமா? உயர்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேப் என்றால், இருட்டிய பிறகு பெண் பிள்ளைகள் எந்தப் பஸ்ஸில் திரும்புவார்கள்? காலனிக்குள்ளேயே வேண்டும். மூட்டை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கும் சமுதாயக் கூடம் உங்கள் தெருவில் இருந்தால், வரும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: கூடம், கரண்ட் இணைப்பு, நாலு கணினி, மாலை 5.30 முதல் 7 வரை சாவி. கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.