நவம்பர் 1: யாருடைய கை கட்டப்படுகிறது?

எர்லி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாளான நவம்பர் 1 நெருங்க நெருங்க, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: “ஹார்வர்டுக்கு எர்லியில் போட்டால் வேறு எங்கேயும் போடக்கூடாதாமே?” எஸ்ஏடி, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. இந்நேரம் அவை முடிந்திருக்க வேண்டும்.

எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் கிடையாது. குழப்பமெல்லாம் இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது வகையில்தான். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் அதை ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன் என்கின்றன. யேலும் பிரின்ஸ்டனும் சிங்கிள் சாய்ஸ் என்கின்றன.

கல்யாணப் பேச்சு மாதிரிதான். ஜாதகத்தை எங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுங்கள், பொருத்தம் வந்தாலும் நீங்கள் கட்டிக்கொள்ளத் தேவையில்லை, மே 1 வரை யோசிக்கலாம் என்கிறார்கள். டிசம்பர் நடுவில் பதில் வரும்வரை வேறு வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது, அவ்வளவுதான். அவர்களோ ஆயிரக்கணக்கான ஜாதகங்களைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

‘இது யாரையும் கட்டுப்படுத்தாத திட்டம்’ என்று கல்லூரிகள் சொல்வது எழுத்தளவில் சரி. நடைமுறையில், தன் முதல் விருப்பம் எது என்பதைப் பிள்ளை எழுதிக் கொடுத்துவிடுகிறது. கல்லூரிக்கு வேண்டியதும் அதுதான். இடம் கொடுத்தால் வந்து சேர்பவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிள்ளை கொடுக்கும் விலை, எர்லியில் போட்டிருக்கக்கூடிய மற்ற தனியார் கல்லூரிகள். எம்ஐடி தன் எர்லி ஆக்‌ஷனில் இப்படி எந்தத் தடையும் போடுவதில்லை. ஆனால் ஹார்வர்டு போடுகிறது. இரண்டுக்கும் சேர்த்துப் போட்டால் மீறப்படுவது ஹார்வர்டின் விதி. இரண்டு கல்லூரிகளின் விதிகள் மோதினால் கடுமையானதுதான் செல்லும். ஜார்ஜ்டவுனும் நோட்டர் டேமும் கொஞ்சம் தாராளம். பிற கல்லூரிகளின் எர்லி டிசிஷனை மட்டுமே தடுக்கின்றன.

“யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?” என்று ஒரு வாசகர் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். பல கல்லூரிகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் ஒரு கல்லூரிக்குப் போட்டது இன்னொரு கல்லூரிக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் மதிப்பெண் பட்டியலையும் பள்ளி அறிக்கையையும் அனுப்புவது கவுன்சிலர். எங்கெங்கே போட்டிருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். விதியை மீறும் பிள்ளைக்கு அவர் துணைபோனால், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து போகும் பரிந்துரைக் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? காவல் வேலையைச் சம்பளமில்லாமல் பள்ளிகளின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். பொய்யான தகவல் கொடுத்தது தெரிந்தால், கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம் என்பதற்கும் மாணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பிறகு ஏன் எல்லோரும் எர்லிக்கு ஓடுகிறார்கள்? எண்களைப் பாருங்கள். 2024-இல் ஹார்வர்டில் சேர்ந்த பிரிவுக்கு எர்லியில் 7,921 பேர் போட்டார்கள். 692 பேருக்கு இடம் கிடைத்தது. கிட்டத்தட்ட 8.7 சதவீதம். மொத்தமாகப் பார்த்தால் 3.6 சதவீதம்தான். வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று கன்சல்டன்சிகள் இதைக் காட்டித்தான் பேசுகின்றன. எர்லியில் வருபவர்கள் தரமானவர்கள், அதனால்தான் விகிதம் கூடுகிறது என்பது கல்லூரியின் பதில். அந்தக் கூட்டத்தில் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் கணிசம் என்பதை அந்தப் பதில் சத்தமில்லாமல் தாண்டிப்போகிறது. 2018-இல் ஹார்வர்டு மீது நடந்த வழக்கு விசாரணையில் அந்த விளையாட்டு வீரர்களின் சேர்க்கை விகிதம் 86 சதவீதம் என்று வெளிவந்தது. அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த 8.7 ஒரு பொருட்டே அல்ல.

எர்லி முறை வசதியானவர்களுக்கே சாதகம் என்று சொல்லி 2006-இல் இதைக் கைவிட்டது ஹார்வர்டுதான். சில நாட்களில் பிரின்ஸ்டனும் பின்தொடர்ந்தது. 2011-இல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்தன.

மற்ற சந்தேகங்கள் சுருக்கமாக.

அரசுப் பல்கலைக்கழகங்கள்? போடலாம், பர்டூ உட்பட. ஆனால் வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன்றவற்றின் எர்லி டிசிஷனுக்குப் போடக்கூடாது. அரசுக் கல்லூரி என்றாலும் அது கட்டாயச் சேர்க்கைதான்.

ஆக்ஸ்ஃபோர்டு? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தடையில்லை. ஜேஇஇ, அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு என்று பயந்து எழுதியவர்களுக்கும் இதே பதில்.

உதவித்தொகைக்காக முன்கூட்டியே போட வேண்டிய தனியார் கல்லூரி? ஸ்டான்ஃபோர்டு நிபந்தனையோடு அனுமதிக்கிறது. மற்றவற்றின் விதியைத் தனித்தனியே படியுங்கள்.

டிசம்பரில் ‘டிஃபர்’ என்று வந்தால்? விண்ணப்பம் ரெகுலர் சுற்றுக்குப் போகிறது, கை அவிழ்கிறது. இரண்டாம் சுற்று எர்லி டிசிஷனுக்குக்கூடப் போடலாம். அங்கே இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும்.

நிதி உதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா? வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் அதைப் பார்ப்பதில்லை என்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பார்க்கிறது.

நள்ளிரவு என்பது எந்த ஊர் நள்ளிரவு? காமன் ஆப்பில் உங்கள் ஊர் நேரம், இரவு 11:59.