பிழை பொறுக்கும் மட்டை எது?



கோல்ப் ஆடத் தொடங்கும் நம்மவர் பலர், தொலைக்காட்சியில் வெற்றியாளர்களின் கையில் கண்ட மெல்லிய இரும்பு மட்டைகளையே கடையில் தேடுகிறார்கள். கைதேர்ந்தவர் வைத்திருப்பது நமக்கும் உதவும் என்பது அவர்கள் எண்ணம். பணம் வீணாவதும் ஆர்வம் குறைவதும் இங்கேதான் தொடங்குகின்றன.

பந்து மட்டை முகத்தின் நடுவில் பட்டால் எந்த மட்டையும் நன்றாகவே அடிக்கும். ஆனால், வார இறுதியில் மட்டும் ஆடுபவரின் அடிகளில் பல நடுவை விட்டு விலகியே படுகின்றன. அப்போது மட்டையின் தலை திருகிக்கொள்கிறது. பந்து வேகம் இழந்து, திசை மாறி, இலக்குக்கு முன்பே விழுகிறது. கையும் அதிர்ந்து வலிக்கிறது.

இந்தத் திருகலை எப்படிக் குறைப்பது? கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கழியைப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை இரு ஓரங்களுக்கும் பரவியிருந்தால் எளிதில் சாயாது. மட்டையிலும் அதே விதிதான். பின்புறத்தைக் குழிவாக்கி, அந்த எடையை ஓரங்களுக்குக் கொண்டுசென்றால் தலை குறைவாகவே திருகும்.

இதைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியியலாளர். நாற்பது வயதைக் கடந்த பிறகே கோல்ப் ஆடத் தொடங்கினார். 1959இல் அவர் செய்த குழிமட்டை பந்தில் படும்போது எழுந்த ஒலியே 'பிங்' என்ற பெயராயிற்று. அந்நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஐ 2' இரும்பு மட்டைகள் உலகப் புகழ் பெற்றன.

சரி, வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, அடிப்பாகம். அது அகலமாக இருந்தால் எடை கீழே இறங்கி, பந்து எளிதாக மேலெழும். மழையில் நனைந்த நம் திடல்களில் மட்டை மண்ணுக்குள் புதைவதும் குறையும்.

இரண்டாவது, சாய்வு. முன்பு 7ஆம் எண் மட்டை ஏறத்தாழ 34 பாகை சாய்ந்திருக்கும். இன்று இவ்வகை மட்டைகள் பலவற்றில் அது 28 முதல் 30 பாகைதான். பந்து தூரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே எண்ணை மட்டும் பார்த்து வியந்துவிடாதீர்கள். சிறிய எண் மட்டைகள் கடினமாகத் தோன்றினால், அவற்றுக்குப் பதில் ஹைபிரிட் மட்டைகளை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தண்டு. மெதுவாக வீசுபவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இலேசான கிராபைட் தண்டு ஏற்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. அடிக்கும் கணத்தில் முகம் திறந்தே இருந்தால், வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைந்துதான் போகும். அதைத் திருத்தப் பயிற்சியாளர்தான் வேண்டும். மட்டை பொறுப்பது, பந்து நடுவை விட்டு விலகிப் படும் பிழையை மட்டுமே.

உங்களுக்கு எது தேவை என்பதை அறிய எளிய வழி உண்டு. பந்தில் வெண்பலகை மையால் ஒரு புள்ளியிட்டு, அது முகத்தில் படும்படி வைத்து அடியுங்கள். 20 பந்துகள் அடித்து, ஒவ்வொரு முறையும் தடம் விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தடங்கள் சிதறியிருந்தால், குழிவான மட்டையை வெட்கப்படாமல் வாங்குங்கள். ஒரே இடத்தில் குவிந்திருந்தால், மெல்லிய மட்டையைப் பற்றி யோசிக்கலாம்.