உங்களுக்குத் தெரியுமா? “தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது” என்று கடிதம் வந்த பிறகு…

● தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணியாற்றி, உடல்நிலை கெட்டு வெளியே வந்த ஒருவருக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் அவர் போக வேண்டிய இடம் தாம்பரம் கோர்ட் இல்லை. எடுத்த எடுப்பில் பாரிமுனை ஹைகோர்ட்டும் இல்லை. முப்படையினருக்கென்றே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-இல் சட்டம் வந்தது, 2009 ஆகஸ்ட் 8-இல் தீர்ப்பாயம் தொடங்கியது. டெல்லியில் முதன்மை அமர்வு, சென்னையில் மண்டல அமர்வு. நீதித்துறையிலிருந்து ஒருவரும், படையில் மேஜர் ஜெனரல் அளவுக்குக் குறையாத பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். வக்கீல் இல்லாமல் மனுதாரர் தானே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது.

● அதே தளத்தில் வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியருக்கு இந்த வாசல் கிடையாது. அவருடைய பணி வழக்குகள் போவது ‘கேட்’ என்று எல்லோரும் சொல்லும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு.

● ‘நானா’ என்று முன்னாள் படைவீரர்கள் பேசிக்கொண்டால் அது மெடிக்கல் போர்டு எழுதும் ஒரு முடிவு. நோய் படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் முற்றியதும் அல்ல என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வலிப்பு, மனநோய் என்று எதுவானாலும் படிவத்தில் ‘நானா’ விழுந்தால் ஓய்வூதியக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். வழக்கு பெரும்பாலும் நோயைப் பற்றி நடப்பதில்லை, அந்த முடிவுக்குப் போர்டு காரணம் எழுதியதா இல்லையா என்பதைப் பற்றித்தான் நடக்கும்.

● இந்தக் கேள்வியை நாடு முழுக்க மாற்றிப்போட்டவர் தரம்வீர் சிங் என்ற சிப்பாய். 1985-இல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1994-இல், வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனம் 20 சதவீதம். ஆனால் பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, அது உடலிலேயே இருந்த கோளாறு என்று போர்டு எழுதியது. 2013 ஜூலை 2-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கவிழ்த்தது. தீர்ப்பின் சாரம் எளிமையானது. சேரும்போது உடம்பைச் சோதித்து ‘தகுதி’ என்று நீங்கள்தானே எடுத்தீர்கள்? அப்போது எந்த நோயையும் குறித்துவைக்கவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுடையது, சிப்பாயுடையது அல்ல. காரணம் எழுதாத போர்டு முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. ஊன ஓய்வூதிய மனுக்களில் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் இது ஒன்று.

● “தாம்பரம் அமைதிப் பகுதிதானே, சியாச்சினா? அங்கே என்ன மன அழுத்தம்?” என்ற வாதமும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய விதியின் முன் நிற்காது. படைகளின் மருத்துவச் சேவை விதி 423, நோய்க்கான காரணம் களத்தில் ஏற்பட்டதா அமைதிக் காலச் சூழலில் ஏற்பட்டதா என்பது முக்கியமில்லை என்கிறது. விதி அரசுடையது. அதை மறந்து மறுப்புக் கடிதம் எழுதும் அலுவலகமும் அரசுடையதுதான்.

● நேராகத் தீர்ப்பாயத்துக்கு ஓடினால் “முதலில் துறைக்குள் முறையிட்டீர்களா?” என்று கேட்பார்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது அப்பீல். இறுதி உத்தரவு வந்த பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக இன்னோர் ஆறு மாதம். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே வரவில்லை என்றால், பதில் வந்ததாகவே வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தேதிக்குச் சாட்சி அதன் மேலிருக்கும் தபால் முத்திரை.

● 20 எப்படி 50 ஆகும்? படைகளின் கணக்கில் ஆகும். ஊனம் 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் வைத்துக் கணக்கிடும் முறை 1996 ஜனவரி 1 முதல் இருக்கிறது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசியாக 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 20 சதவீதம் அப்படியே நின்றால் மாதம் 2,400. அதுவே 50 ஆனால் 6,000. இந்தச் சலுகை பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு அடம்பிடித்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-இல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு பணியிலிருந்து வெளிவந்தவர்கள் இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

● குறைந்தபட்சம் 20 சதவீதம் என்பது நிபந்தனை. ஆனால் உடல்நிலையைக் காட்டி நடுவழியில் வெளியே அனுப்பிவிட்டு, “உங்களுக்கு 20-க்கும் குறைவுதான்” என்று சொல்ல முடியாது. வெளியே அனுப்பும் அளவுக்கு இருந்தால் அது 20-க்கு மேல்தான் என்று கொள்ள வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டின் சுக்விந்தர் சிங் தீர்ப்பு.

● தாமதத்துக்கு விலை உண்டு. தர்சேம் சிங் 1983-இல் ராணுவத்திலிருந்து மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டார். நீதிமன்றத்துக்கு வந்தது 1999-இல். மாதா மாதம் மறுக்கப்படும் ஓய்வூதியம் தொடர்ந்து நடக்கும் தவறு, ஆகவே வழக்கு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம் (2008). ஆனால் நிலுவை? வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். மற்ற வருடங்களின் பணம் போனது போனதுதான்.

● தீர்ப்பாயத்தில் தோற்றால் எங்கே போவது? இதில் நீதிமன்றங்களே தடுமாறியிருக்கின்றன. உயர் நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்பதுபோல 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போகப் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி வேண்டும். ஒரு ஹவில்தாரின் ரத்தக்கொதிப்பில் அதை எங்கே தேடுவது? 2023 மார்ச்சில் பர்ஷோதம் தாஸ் வழக்கில் கதவு மறுபடி திறந்தது: அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். சந்தோஷம்தான். ஆனால் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். சிப்பாய் ஜெயித்த வழக்குகளை அரசும் இப்போது அதே வழியில் உயர் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகிறது.

● பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சி நிலையங்களில் கேடட்டாக இருக்கும்போதே முதுகெலும்பு முறிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், முறைப்படி இன்னும் அதிகாரியாகவில்லை. அதனால் ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதி கிடைக்காது. ஓய்வூதியம் இல்லை, கருணைத்தொகைதான். இந்த இளைஞர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்துக்குள் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு கடிதத்துக்கும் அசையாத கோப்பு நீதிபதியின் ஒரு கேள்விக்கு அசைந்தது.

● இனி படைக்கு வெளியே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதத்தைக் கோடாக வைத்திருக்கிறது. முந்தைய 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்கள், இதில் 21. சான்றிதழில் 38 என்று எழுதிவிட்டால் அதுவே முடிவல்ல. சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி மாநில அரசு குறிப்பிட்ட மேல்முறையீட்டு அதிகாரியிடம் 90 நாளுக்குள் முறையிடலாம்; 60 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோரும் முறையிடலாம். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இந்த 90 நாள் தெரியும்? சான்றிதழின் பின்பக்கம் இதை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

● வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. இது வேறு துறை, வேறு விண்ணப்பம். ஒன்றில் மறுத்தால் மற்றதிலும் மறுத்ததாக ஆகாது.

● மனு போகவேண்டிய மாவட்டம் எது? 2019 நவம்பர் 29 முதல் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில். வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் சென்னை மாவட்டம். திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளுக்கு ஒருவர் ரயிலில் தெற்கே போக, பக்கத்துப் பேட்டைக்காரர் வடக்கே போக வேண்டும். ரிட் மனு என்று வந்துவிட்டால் இருவருக்கும் அதே சென்னை உயர் நீதிமன்றம்தான்.

● உயர் நீதிமன்றம் உங்கள் காலை அளந்து பார்க்காது. ‘38 தப்பு, 45 சரி’ என்றும் பொதுவாக எழுதாது. மறுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, உங்களைக் கேட்டாரா, காரணம் சொன்னாரா என்று பார்க்கும். இல்லையென்றால் உத்தரவை ரத்துசெய்து, புதிய போர்டு வைத்துப் பரிசீலிக்கச் சொல்லும். ஆகவே வாய்மொழியாக “உங்களுக்குக் கிடைக்காதும்மா” என்று கவுண்டரில் சொன்னதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி போர்டு குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

● தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் மெஷினில் விரல் போன இஎஸ்ஐ தொழிலாளிக்குப் பாதை வேறு. நிரந்தர ஊனப் பயன் சராசரி கூலியின் 90 சதவீதத்தில், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த விகிதத்தில். விகிதத்தைச் சொல்வது மெடிக்கல் போர்டு. 1948 இஎஸ்ஐ சட்டம் வகுத்த பாதையில், அதை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அல்லது ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம். அதற்கும் மேலே, சட்டக் கேள்வி இருந்தால் மட்டும், உயர் நீதிமன்றம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், மனுவில் பழைய பிரிவு எண்ணை எழுதுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

● ஓஎம்ஆர் வீடுகளில் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் ஒரு சொந்தமாவது இருக்கும். அங்கே மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை ஊனப் பயனை மறுத்தால் மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி, மேல்முறையீட்டுக் குழு என்று படியேறி, பிறகு 60 நாளுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். அங்கேயும் நீதிபதி புதிதாகச் சாட்சி கேட்பதில்லை. கோப்பில் இருப்பதைத்தான் படிப்பார். பல வழக்குகளைத் துறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அந்தத் திட்டத்தில் 20, 40 என்ற பேச்சே இல்லை. முழுமையாக வேலை செய்ய முடியாதவருக்கு மட்டும்தான் பணம்.

● வக்கீலுக்குப் பணமில்லையா? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12: மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல். வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை, தொழிலாளிக்கும் அப்படியே. சட்ட உதவி எண் 15100.