புது மூட்டு எங்கே உட்காரப் போகிறது? ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்

"வலி போயிடுச்சு டாக்டர், ஆனா இன்னும் விந்தி விந்திதான் நடக்கிறேன்." இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட சிலர் இப்படிச் சொல்வதுண்டு. பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் சரியாக வளராதவர்களுக்கு, அதாவது டிஸ்பிளேசியா உள்ளவர்களுக்கு, இந்தச் சிக்கல் வர வாய்ப்பு கூடுதல். எந்தக் கம்பெனி மூட்டு, என்ன விலை என்றெல்லாம் கேட்கிறோம். எந்த இடத்தில் பொருத்துவீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் பந்தும்தான். தொடை எலும்பின் தலைதான் அந்தப் பந்து. டிஸ்பிளேசியாவில் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டு மாதிரி இருக்கும். பந்து மெல்ல மேலே நழுவும். சிலருக்கு முழுவதுமாக வெளியேறி, மேலே இடுப்பெலும்பில் ஒரு பொய்க்கிண்ணத்தையே உண்டாக்கிக்கொள்ளும். கால் குட்டையாகும், மூட்டு இளம் வயதிலேயே தேயும்.

நடக்கும்போது ஒரு காலைத் தூக்கினால், உடல் முழுதும் மற்றக் காலின் இடுப்பு மூட்டு மேல் நிற்கிறது. தூக்கிய பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது, ஊன்றிய பக்கத்தின் பக்கவாட்டுத் தசை. இந்த இழுப்பும் சேர்வதால்தான் சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. 60 கிலோ உள்ளவருக்கு 150 கிலோவுக்கு மேல்! கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்பினால் சுலபம், நடுவில் பிடித்தால் கஷ்டம், இல்லையா? மூட்டு மேலும் வெளிப்பக்கமுமாகத் தள்ளி இருந்தால் தசைக்கும் அதே கதிதான்: நெம்பும் நீளம் குறைகிறது, தசையும் தளர்கிறது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்கிறது.

எனவே, கிண்ணத்தை அதன் இயல்பான இடத்துக்கே இறக்கிப் பொருத்துவதுதான் நடைக்கு நல்லது. ஆனால் அது எல்லோருக்கும் எளிதல்ல. அங்கே எலும்பு மெலிந்திருக்கும். சிலருக்கு எலும்பு ஒட்டு வைக்க வேண்டிவரும். பல வருஷமாக மேலே இருந்த காலை ஒரேயடியாக 4 செ.மீ.க்கு மேல் இறக்கினால், காலுக்குப் போகும் பெரிய நரம்பு இழுபட்டுப் பாதம் செயலிழக்கும் அபாயம் கூடும். அதைத் தவிர்க்கத் தொடை எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறைப்பதும் உண்டு. இதனால்தான் சில டாக்டர்கள் கிண்ணத்தைச் சற்று மேலேயே வைக்கிறார்கள். அது தவறு என்று சொல்லிவிட முடியாது. மேலே இருந்தாலும் வெளிப்பக்கம் தள்ளாமல் உள்பக்கமாக இருந்தால் பாதிப்பு குறைவு.

கிண்ணத்தின் சாய்வும் முக்கியம். பொதுவாக 40 டிகிரியை ஒட்டிச் சாய்த்து, முன்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். கோணம் தப்பினால் பந்து நழுவலாம், சீக்கிரம் தேயலாம். நம் ஊரில் சம்மணம் போடுவதும் குந்தி உட்காருவதும் சகஜம் என்பதால், இதெல்லாம் இனி முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கூடவே, கிண்ணம் இயல்பான இடத்திலா, மேலேயா, கால் எத்தனை செ.மீ. நீளும், எலும்பை வெட்ட வேண்டுமா என்றும் கேளுங்கள். உங்கள் போனும் இங்கே உதவும். ஆபரேஷனுக்கு முன் நீங்கள் நடப்பதைப் பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் அதே இடத்தில் மறுபடி எடுத்தால், முன்னேற்றம் உங்களுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தெளிவாகத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்ததும் அந்தக் கால் நீளமாகிவிட்டது போலத் தோன்றலாம். இடுப்பு பல வருஷம் சாய்ந்தே பழகியதுதான் பெரும்பாலும் காரணம்; சில மாதத்தில் சரியாகிவிடும். அவசரப்பட்டு உயரம் வைத்த செருப்பு வாங்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். ஊன்றுகோலை ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்! தசைப் பயிற்சியை விட்டுவிட்டால், கிண்ணம் சரியாக உட்கார்ந்திருந்தாலும் சாய்வு போகாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்கள் ஆபரேஷன் எந்த மருத்துவமனையில், எந்த அளவுக்கு அதில் அடங்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.