அகார்-அகார் தட்டில் வளரும் பூஞ்சை

பெருநாள் காலத்தில் வீட்டில் வண்ண வண்ணமாகச் செய்யும் அகார்-அகாரை நீங்கள் சுவைத்திருப்பீர்கள். பயிர்களுக்கு நோய் தரும் பூஞ்சைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவும் அதே கடற்பாசிப் பொருள்தான் உதவுகிறது என்பது தெரியுமா?

தொடக்கத்தில் ஜெர்மனிய ஆய்வாளர்கள் ஜெலட்டினைப் பயன்படுத்தினர். அது வெயில் காலத்தில் இளகியது. சில நுண்ணுயிர்கள் அதைக் கரைத்தும் விட்டன. 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, தம் சமையலறையில் பயன்படுத்திய அகாரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்தவர்கள் வழியாக அவர் அதை அறிந்திருந்தார். உறைந்த அகார் மீண்டும் உருக ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

அகார் வளர்ப்பு ஊடகத்தைக் கெட்டியாக்கும். ஆனால் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு அது உணவாகாது. உணவை நாம்தான் சேர்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் உருளைக்கிழங்கு ஊடகத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து எடுத்த சாறு, 20 கிராம் குளுக்கோஸ், 15 முதல் 20 கிராம் அகார் இருக்கும். வேறு நுண்ணுயிர்கள் கலக்காதிருக்க, இதை அழுத்தக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குவர்.

சத்தான உணவு இருந்தால் போதுமா? வாழையை வாடச் செய்யும் ஃபுசேரியம், உருளைக்கிழங்கு ஊடகத்தில் பஞ்சுபோல் செழித்து வளரும். ஆனால் அதை அடையாளம் காண வித்துகளின் வடிவம் தெரிய வேண்டும். சத்துக் குறைந்த அகாரில் கார்னேஷன் இலைத்துண்டுகளை இட்டு வளர்த்தால், அரிவாள் போன்று வளைந்த வித்துகள் சீராக உருவாகும்.

செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மாவைக் கண்டறிவது இன்னும் கடினம். ஓலைகளில் அறிகுறி தெரியும்போது, அடித்தண்டின் உட்பகுதியில் பாதி அழிந்திருக்கக்கூடும். முன்கூட்டியே சோதிக்க, மரத்தைத் துளைத்து மாதிரி எடுப்பர். அதைச் சாதாரண ஊடகத்தில் இட்டால், வேகமாக வளரும் மற்ற பூஞ்சைகள் தட்டை மூடிவிடும். ஆகவே, அவற்றை அடக்கும் மருந்துகள் கலந்த சிறப்பு ஊடகத்தை மலேசிய ஆய்வாளர்கள் உருவாக்கினர். அதில் கனோடெர்மா வளர்ந்தால், அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும்.

இலைகளில் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சைகளோ பெரும்பாலும் உயிருள்ள செடியில் மட்டுமே வளரும். அகார் தட்டில் அவை வளராததால் செடியில் நோய் இல்லை என்று முடிவுசெய்தால், தோட்டம் முழுவதும் பாதிக்கப்படலாம். தட்டில் எதுவும் வளரவில்லையா? பூஞ்சை இல்லை என்று சொல்வதற்கு முன், அதற்கு ஏற்ற உணவைக் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும்.