நாவுக்கு அறிவித்தால் மட்டும் போதாது

நோர்வேயின் ஸ்தவாங்கரில் வேலைத்தலத்தில் காயப்படும் நம்மவர்கள் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஈரத்தரையில் வழுக்கி விழுவார்கள். நோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். சில வருடங்களில் இடுப்பு நிமிராமல் போனதும், "நாவுக்கு எல்லாம் தெரியும்தானே" என்பார்கள்.

அரச நலன்புரி அலுவலகமான நாவுக்குத் தெரிந்தது உங்கள் சுகவீன விடுப்பு மட்டுந்தான். வேலைவிபத்தை அறிவிக்க ஸ்காதெமெல்டிங் என்ற தனிப்படிவம் இருக்கிறது. விபத்து நடந்து 1 வருடத்துக்குள் அது நாவுக்குப் போகவேண்டும். அனுப்புவது முதலாளியின் கடமை. அவர் அனுப்பாவிட்டால் நீங்களே அனுப்பலாம். "அனுப்பிவிட்டேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் தவறவிடுவது இதற்கடுத்த படியை. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு முதலாளியும் தன் வேலையாட்களுக்கு வேலைவிபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அந்தக் காப்புறுதி நிறுவனம் வேறு, நாவ் வேறு. நாவுக்குப் போன படிவம் அங்கே போய்ச் சேராது. எந்த நிறுவனம் என்று முதலாளியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பிறகு அந்த நிறுவனத்துக்கு நீங்களே எழுத்தில் அறிவியுங்கள். காயத்தைப் பற்றி நீங்கள் அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய ஆண்டு முடிந்ததிலிருந்து 3 வருடம் அவகாசம். 2024 மார்ச்சில் அறிந்திருந்தால் 2027 டிசம்பர் 31 கடைசி நாள். முதலாளி காப்புறுதியே எடுக்கவில்லையா? அதற்காகக் கைவிடாதீர்கள். அத்தகைய முதலாளியிடம் வேலைசெய்து காயப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவே காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. சொந்தமாகவோ தொழிற்சங்கம் வழியாகவோ விபத்துக் காப்புறுதி இருந்தால் அதற்கும் தனியாக எழுதுங்கள். அங்கே அவகாசம் 1 வருடந்தான்.

விழுந்தவுடன் மருத்துவரிடம் போங்கள். கழுத்துக் காயங்களில் முதல் 2, 3 நாளில் பதிவான வலியையே நீதிமன்றங்கள் தேடுகின்றன. "முதுகு நோகுது" என்று மட்டும் சொன்னால், நாளடைவில் வந்த தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு வேலைவிபத்து உரிமை இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் படியில் எப்படி வழுக்கியது, யார் பார்த்தார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அது பதிவில் ஏறியதா என்று பாருங்கள். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அரச அலுவலகங்கள் தேவையானபோது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. அதிகாரி முகம் சுளித்தாலும் கேட்டுப் பெறுங்கள்.

வாகன விபத்தானால் வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்துக்கும், மருத்துவமனைத் தவறானால் நோயாளர் இழப்பீட்டு நிறுவனமான என்பிஇக்கும் விண்ணப்பம் போகவேண்டும். இரண்டிலும் பொதுவாக அறிந்ததிலிருந்து 3 வருடம். என்பிஇயில் கட்டணம் இல்லை.

காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தால் கடைசிப் பந்திவரை வாசியுங்கள். 6 மாதக் கெடுவை அங்கேதான் எழுதிவைப்பார்கள். அந்தக் கெடுவுக்குள், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் பினான்ஸ்கிளாகெநெம்டாவுக்கு எழுதலாம். நிறுவனத்துடன் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தால் கெடு நிற்காது.